ஃபோர்க்கைத் திறக்காமலே ஓட்டிய 230 மணி நேரம்

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டப் பாதையில் ஓட்டிவிட்டு வந்து, மலை சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அதைப் பார்த்தேன். முன் ஃபோர்க்கின் (முன் சக்கரத்தைப் பிடித்து அதிர்வை வாங்கும் இரட்டைக் கால்) இடது மேல்குழாயில், பின்பக்கமாக, கறுப்புப் பூச்சு போய் வெள்ளியாக ஒரு கோடு. இரண்டு அங்குல நீளம், சுண்டுவிரல் அகலம். அழுக்கு என்று நினைத்து அழுத்தித் துடைத்தேன். போகவில்லை. துணியை நனைத்துத் துடைத்தேன், இன்னும் பளிச்சென்று தெரிந்தது. அந்தக் கோடு என்ன என்று புரிந்தபோது வயிறு கலங்கிவிட்டது. அதைச் சரிசெய்ய ஆன மொத்தச் செலவு 35,900 ரூபாய். நீலகிரியில் மண் இறுகி, ஓட்ட அருமையாக இருக்கும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலத்தில் 11 வாரம் சைக்கிள் சுவரில்தான் தொங்கியது. வாங்கும்போது யாராவது ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது: 50 மணி நேரத்துக்கு ஒருமுறை ஃபோர்க்கின் கீழ்க்காலைக் கழற்றி எண்ணெய் மாற்ற வேண்டும். யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என்ன நடந்தது என்று புரிய, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஃபோர்க்கின் மேல்குழாய்கள் இரண்டும் அலுமினியம். ஸ்டான்ஷன் என்பார்கள். அதன்மேல் இருக்கும் கறுப்போ தங்க நிறமோ பெயின்ட் அல்ல, அனோடைசிங் எனப்படும் கடினப் படலம். தலைமுடியைவிட மெல்லியது. கீழே சக்கரத்தைப் பிடித்திருக்கும் பகுதிதான் லோவர், பெரும்பாலும் மக்னீசியம். லோவரின் ஒவ்வொரு காலுக்குள்ளும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு புஷ் வளையங்கள் உண்டு. ஸ்டான்ஷன் அவற்றின் மேல்தான் வழுக்கி ஏறி இறங்குகிறது. வாயில் ரப்பர் டஸ்ட் சீல், அதற்கு அடியில் எண்ணெயில் ஊறிய ஒரு ஃபோம் வளையம், அடிமட்டத்தில் கொஞ்சம் எண்ணெய். அந்தக் கொஞ்சம் என்பது பல மாடல்களில் காலுக்கு 5 முதல் 20 மில்லி வரைதான். ஓரிரு மேசைக்கரண்டிக்குள் அடங்கும் அந்த எண்ணெய்தான் அரைலட்ச ரூபாய்ச் சாமானைக் காக்கிறது. எண்ணெய் கெட்டால் ஃபோம் காயும், ஃபோம் காய்ந்தால் புஷ் வறண்டு உரசும், உரசினால் அனோடைசிங் போகும். ஒருமுறை போனால் வராது.

முதல் தவறு கழுவுவதில் தொடங்கியது. செம்மண் சேறு அப்பி வந்தால் நேராக வாட்டர் சர்வீஸ் கடைக்கு விட்டுவிடுவேன். ஸ்கூட்டர் கழுவும் அதே பிரஷர் கன்னால் ஐந்து நிமிடத்தில் பளபளவென்று ஆகிவிடும். டஸ்ட் சீலின் உதடு மேல்நோக்கி இருக்கும். குழாய் ஏறி இறங்கும்போது மேலே ஒட்டிய தூசியைச் சுரண்டித் தள்ளுவதுதான் அதன் வேலை. பக்கவாட்டிலிருந்து வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரைத் தடுக்க அது செய்யப்படவே இல்லை. உதடு விலகி, தண்ணீர் நுண்மண்ணோடு சேர்ந்து உள்ளே போகிறது. உள்ளே போனதற்கு வெளியே வர வழி கிடையாது. மழையில் ஓட்டுவதைவிட இது பலமடங்கு மோசம். காருக்குப் பின்னால் மாட்டி மழையில் நெடுஞ்சாலையில் போவதும் இதே வகைதான். டயர் கிளப்பும் தண்ணீர் இரண்டு மூன்று மணி நேரம் சீலிலேயே மோதிக்கொண்டிருக்கும். அப்படிப் போக வேண்டியிருந்தால் ஸ்டான்ஷனும் சீலும் சேரும் இடத்தில் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் சுற்றிக் கட்டிவிடுங்கள், ஓட்டும் முன் கழற்றிவிடுங்கள்.

இரண்டாவது தவறு ஸ்பிரே. ஃபோர்க் கொஞ்சம் இறுக்கமாகத் தோன்றியபோது, துரு இளக்கும் ஸ்பிரேயை ஸ்டான்ஷனில் அடித்துப் பத்துத் தடவை அமுக்கினேன். உடனே வெண்ணெயாக வழுக்கியது. ஒரு வாரம் நன்றாக இருந்தது, பிறகு முன்னைவிட இறுகியது, மறுபடி அடித்தேன். அந்த ஸ்பிரேயில் பெரும்பகுதி கரைப்பான். ஃபோமில் மிச்சமிருந்த எண்ணெயையும் கரைத்துக் கழுவி, சீலில் நின்ற அழுக்கை உள்ளே கொண்டுபோகிறது. செயின் எண்ணெயும் அப்படித்தான், பிசுபிசுப்பில் மண் ஒட்டிக்கொள்ளும். ஸ்டான்ஷனில் சுத்தமான ஈரத் துணியைத் தவிர எதுவும் வேண்டாம். சஸ்பென்ஷனுக்கென்றே விற்கும் சிலிக்கான் ஸ்பிரேக்கள்கூட உள்ளே எண்ணெய் சரியாக இருக்கும்போது அழகுக்குத்தான். எண்ணெய் இல்லாத இடத்தில் அவை எதையும் காப்பாற்றாது.

அறிகுறிகள் இருந்தன, எனக்குப் படிக்கத் தெரியவில்லை. நல்ல ஃபோர்க் ஓட்டிவிட்டு வந்தால் ஸ்டான்ஷனில் மெல்லிய எண்ணெய் வளையம் ஒன்று தெரியும். அது ஒழுகல் அல்ல, ஆரோக்கியம். எனக்கு மாதக்கணக்கில் அந்த வளையம் தெரியவே இல்லை. சுத்தமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன், உண்மையில் வறண்டுபோயிருந்தது. அடுத்து, சின்னச் சின்னக் கற்களில் கை அதிர்ந்தது, பெரிய இறக்கத்தில் மட்டும் ஃபோர்க் வேலை செய்தது. என் ஃபோர்க்கில் கம்பிச் சுருளுக்குப் பதில் அடைத்த காற்றுதான் ஸ்பிரிங். அந்தக் காற்று அதிகமென்று நினைத்து அழுத்தத்தை 5 பி.எஸ்.ஐ. குறைத்தேன், பிறகு இன்னொரு 5. உராய்வைக் காற்றைக் குறைத்துச் சரிக்கட்ட முடியாது. பெரிய குழியில் அடிவரை இடிக்கும், சின்னக் கல்லில் அப்போதும் அசையாது. ஒரே காற்றழுத்தத்தில் முன்பு இருந்ததைவிட இறுக்கமாக இருந்தால் அங்கேயே ஓட்டத்தை நிறுத்திவிட்டுத் திறந்து பார்க்க வேண்டும். ஒருநாள் எங்கள் பகுதி மெக்கானிக்கிடம், "அண்ணா, ஷாக்கை ஒருதடவை பிரிச்சுப் பாத்துடலாமா?" என்று கேட்டேன். அமுக்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானுங்க தம்பி அமுங்குது, ஓடற சாமான்ல எதுக்குக் கைய வெக்கோணும்?" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. பெரும்பாலான சைக்கிளுக்கு அது சரியான பேச்சு. ஏர் ஃபோர்க்குக்கு மட்டும் பொருந்தாது. நன்றாக அமுங்குகிற காலத்தில்தான் இதைத் திறந்தாக வேண்டும்.

கடைசியில் ஃபோர்க்கைக் கூரியரில் பெருநகரத்து சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினேன். திறந்தபோது எடுத்த வீடியோவை அனுப்பினார்கள். இடது காலிலிருந்து வந்தது எண்ணெயே அல்ல, டீக்கடைப் பால் டீ நிறத்தில் நாலு சொட்டு. தண்ணீர் கலந்து குழம்பினால் எண்ணெய் அப்படித்தான் ஆகும். ஃபோம் வளையம் காய்ந்து மொறமொறவென்று இருந்தது. ஸ்டான்ஷனை மட்டும் மாற்ற முடியாது என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டு மேல்குழாய்களும் அவற்றை மேலே இணைக்கும் கிரவுனும் ஹேண்டில்பாருக்குப் போகும் ஸ்டீயரர் குழாயும் தொழிற்சாலையிலேயே அழுத்திப் பொருத்தப்பட்ட ஒரே உருப்படி. தேய்ந்தது ஒரு கோடு, வாங்க வேண்டியது ஃபோர்க்கின் மேல்பாதி முழுவதும். அந்தப் பாகம் 29,500, வேலைக்கூலி 4,500, கூரியர் போக வர 1,900. சீல், ஃபோம் கிட் எனக்கு 2,800 ரூபாய்க்குக் கிடைத்தது என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கைபேசியில் பதிவான ஓட்டத்தைக் கூட்டினேன், 18 மாதத்தில் 230 மணி நேரம். நான்கு தடவை திறந்திருக்க வேண்டும். அன்று இரவு தூக்கம் வரவில்லை, பணத்தைவிடவும் தெரியாமல் ஒன்றைக் கெடுத்துவிட்டோமே என்ற வேதனைதான் அதிகம்.

கால அளவை நிறுவனங்களே எழுதி வைத்திருக்கின்றன. ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்குகளுக்கு லோவர் சர்வீஸ் 50 மணி நேரம், உள்ளே இருக்கும் டேம்பரும் (ஃபோர்க்கின் வேகத்தை எண்ணெயால் அடக்கும் பாகம்) ஏர் ஸ்பிரிங்கும் பழைய மாடல்களில் 100, புதியவற்றில் 200 மணி நேரம். ஃபாக்ஸ் முழு சர்வீஸுக்கு 125 மணி நேரம் அல்லது வருடம் ஒருமுறை என்று சொல்கிறது. இது சைக்கிள் உருண்ட நேரம், வாங்கிய தேதியிலிருந்து எண்ணுவதல்ல. சனி ஞாயிறு இரண்டிரண்டு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு 50 மணி நேரம் மூன்றே மாதத்தில் வந்துவிடும். நீலகிரியின் மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழை, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு. எந்தப் பக்கம் ஓட்டினாலும் மழைக்காலம் முடிந்ததும் மணிக்கணக்குப் பார்க்காமல் ஒருமுறை திறந்துவிடுவது என் வழக்கமாகிவிட்டது. சன்டூரின் எக்ஸ்.சி.டி., எக்ஸ்.சி.எம். போன்ற காயில் ஸ்பிரிங் ஃபோர்க் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அவற்றில் அடியில் எண்ணெய் கிடையாது, கிரீஸ் மட்டும்தான். எனவே கழற்றித் துடைத்துப் புது கிரீஸ் பூசுவதுதான் அங்கே சர்வீஸ், மற்ற வேலை ஏறக்குறைய ஒன்றே.

அன்றாடப் பராமரிப்பு சின்ன வேலை. வாளித் தண்ணீர், கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு, மெல்லிய துணி. ஓட்டி வந்ததும் சேறு காய்வதற்குள் ஸ்டான்ஷனைத் துடைத்து, ஐந்து தடவை அமுக்கி, மேலே ஏறி வந்த அழுக்கு வளையத்தை மறுபடி துடைக்க வேண்டும். ஓட்டத்துக்கு முந்தைய இரவு சைக்கிளைக் கவிழ்த்து வைத்தால் அடியில் நிற்கும் எண்ணெய் ஃபோம் வரை இறங்கி ஊறும். நிமிர்த்திய பிறகு ஹைட்ராலிக் பிரேக் லிவரைப் பத்துத் தடவை அமுக்கிப் பார்த்துவிட்டே ஏறுங்கள், அதில் காற்றுக் குமிழி இருந்தால் முதல் அமுக்கலில் பிடிக்காது. கல் பட்டு ஸ்டான்ஷனில் சின்னக் கொத்தல் விழுந்திருந்தால், நகம் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். தட்டினால் 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் மேடு மட்டும் போகும்வரை மெல்லத் தேய்த்து, பள்ளத்தில் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்து, காய்ந்ததும் மட்டப்படுத்தலாம். விட்டுவைத்தால் அந்த மேடு ஒவ்வொரு அமுக்கலிலும் சீலை அறுக்கும். சைக்கிளை முன்பிரேக் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது கொட்டுக் கொட்டென்று அடித்தால், சீல் இருக்கும் இடத்தில் விரல் வைத்துப் பாருங்கள். ஆட்டம் அங்கே தெரிந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது, ஹேண்டிலுக்குக் கீழே தெரிந்தால் ஹெட்செட் (ஸ்டீயரர் குழாய் திரும்பும் பேரிங்) தளர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் செலவு வித்தியாசம் மிகப் பெரிது.

பின் ஷாக் உள்ள ஃபுல் சஸ்பென்ஷன் வண்டி என்றால் அதன் ஏர் கேனையும் (காற்று அடைத்திருக்கும் வெளியுறை) இதே இடைவெளியில் துடைத்து சீல் மாற்ற வேண்டும். ஆனால் ஒன்று: காற்றை விட்ட பிறகும் ஷாக் அமுங்கியபடியே நின்று, இழுத்தால் நீளவில்லை என்றால் அதை வீட்டில் திறக்கவே வேண்டாம். நெகட்டிவ் அறையில், அதாவது பிஸ்டனின் மறுபக்கத்துக் காற்றறையில், அழுத்தம் சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். மூடியைத் திருகும்போது பாகம் தெறித்து முகத்தில் அடிக்கும். அதை சர்வீஸ் சென்டருக்குத்தான் கொடுக்க வேண்டும்.

இனி வீட்டில் செய்யும் லோவர் சர்வீஸ். முதல் தடவை எனக்கு நாலரை மணி நேரம் பிடித்தது, இப்போது ஒன்றேகால் மணி நேரம். தொடங்கும் முன் உங்கள் மாடலின் கையேட்டை எடுங்கள். ராக்‌ஷாக்ஸில் ஃபோர்க்கில் பொறித்திருக்கும் சீரியல் எண்ணை வைத்து, ஃபாக்ஸில் லோவரின் பின்னால் ஒட்டியிருக்கும் நான்கெழுத்துக் குறியை வைத்துத் தேடினால் அந்த மாடலுக்கான எண்ணெய் அளவே கிடைக்கும். ஒரே பெயரில் வரும் ஃபோர்க்கிலும் வருடத்துக்கு வருடம் அளவு மாறும், வலது இடது காலுக்கும் மாறும். அதிகம் ஊற்றினால் நல்லது என்ற எண்ணம் தவறு. எண்ணெய் இடத்தை அடைத்துக்கொண்டு, உள்ளே மிஞ்சும் காற்று இறுகி, முழு அமுக்கம் கிடைக்காது. எண்ணெய் என்று பார்த்தால் ராக்‌ஷாக்ஸ் பல மாடல்களுக்கு மாக்ஸிமா 0டபிள்யூ-30 சொல்கிறது, பழைய கையேடுகளில் 15 வெயிட் இருந்தது, ஃபாக்ஸ் தன்னுடைய 20 வெயிட் கோல்டு. 15 வெயிட் கேட்கும் பழைய ஃபோர்க்குக்கு மோட்டார் சைக்கிள் ஃபோர்க் ஆயில் லோவரில் போடலாம், ஆனால் டேம்பருக்குள் கையேடு சொன்னதைத் தவிர வேறு எதுவும் போகக்கூடாது. பேரிங்குக்குப் போடும் கெட்டி கிரீஸ் வேண்டாம், ஃபோமை அடைத்துவிடும். சஸ்பென்ஷன் கிரீஸ் சின்ன டப்பா வாங்கினால் வருடக்கணக்கில் வரும். மெடிக்கல் கடையில் 10 மில்லி சிரிஞ்ச் ஒன்றும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பாட்டிலும் வாங்குங்கள். நூல் உதிராத துணி, 5 மி.மீ. அலன் கீ, ரப்பர் சுத்தியல், டார்க் ரெஞ்ச் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்), ஷாக் பம்ப், அடியில் வைக்க ஒரு பழைய தட்டு. அவ்வளவுதான்.

காற்றழுத்தத்தையும், ரீபவுண்ட் குமிழ் (அமுங்கிய ஃபோர்க் திரும்பும் வேகத்தை மாற்றுவது) முழுதாக மூடியதிலிருந்து எத்தனை கிளிக் வெளியே இருக்கிறது என்பதையும் முதலில் எழுதிவையுங்கள். சக்கரத்தையும் பிரேக் காலிப்பரையும் கழற்றி, பேடுகளுக்கு இடையே அட்டையை மடித்துச் செருகுங்கள். இல்லையென்றால் யாராவது லிவரைத் தொட்டால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். வால்வின் மேல் துணியை வைத்துக் காற்றை மெல்ல முழுவதும் விடுங்கள், சொட்டு எண்ணெய் பீய்ச்சும். காற்று இருக்கும்போது லோவரின் அடியில் இருக்கும் போல்ட்டைத் தொடவே கூடாது. ரீபவுண்ட் குமிழை எடுத்துவிட்டு, இரண்டு அடி போல்ட்டையும் மூன்று நான்கு சுற்று மட்டும் தளர்த்தி, அலன் கீயைப் போல்ட் தலையிலேயே வைத்து ரப்பர் சுத்தியலால் நேராகத் தட்டுங்கள். உள்ளே இருக்கும் தண்டு லோவரின் அடியில் இறுகி உட்கார்ந்திருக்கும், தட்டினால் டொக்கென்று விடும். போல்ட் கடைசி மரையில் மட்டும் பிடித்திருக்கும்போது தட்டினால் மரை நசுங்கிவிடும். இங்கே அவசரப்பட்டுத்தான் பலர் தண்டைக் கெடுக்கிறார்கள். விட்டதும் போல்ட்டை எடுத்து, தட்டை அடியில் வைத்து, லோவரைக் கீழ்நோக்கி இழுங்கள். வராவிட்டால் பாலம் போன்ற வளைவை அடிக்காதீர்கள், மறுபடி தண்டைத்தான் தட்ட வேண்டும்.

கொட்டிய எண்ணெயை உடனே கீழே ஊற்றிவிடாமல் வெளிச்சத்தில் பாருங்கள். கறுத்திருந்தால் வழக்கமான தேய்மானம், பால் நிறம் என்றால் தண்ணீர், மினுமினுவென்று தூள் மிதந்தால் புஷ்ஷோ குழாயோ தேய்கிறது. போன தடவை ஊற்றியதைவிட ரொம்ப அதிகமாக வந்தால் டேம்பர் உள்ளிருந்து கசிகிறது, அது தனி வேலை. ஃபோம் வளையத்தை மழுங்கிய குச்சியால் எடுத்து, ஆல்கஹாலில் அலசிப் பிழியுங்கள். டஸ்ட் சீலை மாற்றுவதானால் பிளாஸ்டிக் டயர் லிவரால் நெம்புங்கள். ஸ்க்ரூடிரைவர் மக்னீசியத்தைக் கீறினால் அந்த வழியாகவே தண்ணீர் போகும். துணியைக் குச்சியில் சுற்றி லோவரின் அடிவரை விட்டு, துணி வெள்ளையாக வரும்வரை துடையுங்கள். என் நேரத்தில் பாதி இதற்கே போகும், போகட்டும். இங்கே விட்டுவைக்கும் மண் புது எண்ணெயிலும் சுற்றும்.

ஃபோமைப் புது எண்ணெயில் நன்றாக ஊறவைத்து இருக்கையில் சுருளாமல் உட்காரவையுங்கள். சீல் உதட்டின் உள்பக்கம் கிரீஸை விரலால் மெல்லப் பூசுங்கள். லோவரை ஸ்டான்ஷனில் ஏற்றும்போது ஒவ்வொரு உதடும் மடியாமல் ஏறுகிறதா என்று பார்த்துப் பார்த்து, மேல் புஷ் பிடிக்கும்வரை மட்டும் தள்ளி நிறுத்துங்கள். ஃபோர்க்கைச் சாய்த்து, அடித்துளை மேலே வரும்படி பிடித்து, சிரிஞ்சால் அளந்த எண்ணெயைத் துளைக்குள் விடுங்கள். தண்டின் நடுவே உள்ள ஓட்டைக்குள் போகாமல் சுவரோரமாக விட வேண்டும். பிறகு முழுதாகத் தள்ளினால் துளையில் தண்டின் மரை தெரியும். போல்ட்டைத் துடைத்து, புது வாஷர் போட்டு, கையேடு சொல்லும் டார்க்குக்கு முறுக்குங்கள். பல ராக்‌ஷாக்ஸ் மாடல்களில் அது 7.3 நியூட்டன் மீட்டர். கைக்கணக்கில் முறுக்கிக் கெட்டால் அந்தத் தண்டுக்கே புதுப் பாகம் வாங்க வேண்டும்.

காற்றை ஒரே மூச்சில் ஏற்றாதீர்கள். 50 பி.எஸ்.ஐ. வரை ஏற்றி, பம்ப்பைக் கழற்றி, கால்பங்கு ஆழத்துக்குப் பத்துத் தடவை மெல்ல அமுக்குங்கள். காற்று பாசிட்டிவ் அறையிலிருந்து நெகட்டிவ் அறைக்குப் போய்ச் சமன் ஆகும். மறுபடி பம்ப்பை மாட்டினால் குறைந்து காட்டும். இப்படி ஏற்றி ஏற்றிச் சமன் செய்து எழுதிவைத்த அளவுக்கு வாருங்கள். கோவையில் சர்வீஸ் செய்து ஊட்டியில் ஓட்டுகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்கலாம்: கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். மேலே போகும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கிட்டத்தட்ட 3 பி.எஸ்.ஐ. குறைகிறது, லோவருக்குள் அடைபட்ட காற்று அந்த அளவுக்கு உப்பி நிற்கும். ஃபோர்க்கின் கடைசிப் பகுதி இறுகினாற்போலத் தோன்றும். காற்று விடும் பொத்தான் உள்ள ஃபோர்க்கில் பாதை தொடங்கும் இடத்தில் ஒருமுறை அமுக்கிவிட்டால் போதும்.

எல்லாம் முடிந்ததும் ஆல்கஹாலால் முழு ஃபோர்க்கையும் துடைத்து, பிரேக் டிஸ்க்கிலும் பேடிலும் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படவில்லை என்று உறுதி செய்துகொண்டு, இரண்டு அடி போல்ட்டுக்கும் கீழே வெள்ளைத் தாளை விரித்து இரவு முழுவதும் நிறுத்தி வையுங்கள். காலையில் தாளில் வட்டம் விழுந்திருந்தால் அந்தப் பக்கத்து வாஷர் சரியாக உட்காரவில்லை, காற்றை விட்டுவிட்டு மறுபடி கழற்றுங்கள். தாள் காய்ந்திருந்தால் சக்கரத்தை மாட்டி, தேதியையும் மணிக்கணக்கையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஸ்டீயரர் பக்கம் ஒட்டிவிட்டுக் கிளம்பலாம்.